அனாட்டமி படிக்கிற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அனாட்டமி புத்தகத்தை எடுத்தாலே பயமாக இருக்கிறது, ராத்திரி படித்த பெயர் காலையில் நினைவில் இல்லை என்று போனில் சொன்னாயே, அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, நர்சிங் முதலாண்டில் கிளாவிக்கிள், ஸ்கேப்புலா, ஹியூமரஸ் என்று எலும்புப் பெயர்கள் வரிசையாக வந்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன்னை மெஸ்ஸுக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஒரு பெயரைப் படித்தால் உடனே உன் உடம்பில் அந்த இடத்தில் விரலை வை. இங்கே அடிபட்டால் என்ன ஆகும், நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப்பார். அதற்குப் பதில் தெரிந்த பிறகு அடுத்த பெயருக்குப் போ. அனாட்டமி, முதலுதவி என்று உங்கள் டைம்டேபிளில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். 108 வண்டியில் மருத்துவ உதவியாளராக ஓடுகிற எனக்கு இரண்டும் ஒரே பாடம்தான்.

ஸ்டெர்னத்தையே எடுத்துக்கொள். மார்பெலும்பு. கழுத்துக்குக் கீழே இரண்டு காறை எலும்புகளும் சந்திக்கிற குழியில் விரலை வைத்து, நேராகக் கீழே இறக்கிக்கொண்டே வா. கெட்டியாக, பட்டையாக வரும். வயிறு தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு முனை தட்டுப்படும். அதுதான் சைஃபாய்டு. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும்போது அந்த முனைமேல் அழுத்தக் கூடாது, அதற்குப் பக்கத்திலேயே கல்லீரல் இருக்கிறது. அதற்கு மேலே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வை. அதன்மேல் இன்னொரு கை. முழங்கை மடங்காமல், தோள் நேராக மேலே நிற்க வேண்டும். இதயம் இடப்பக்கம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே பலர் இடப்பக்க விலாவில் அழுத்தப் போகிறார்கள். இதயம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தாலும் மார்பெலும்புக்குப் பின்னால்தான் இருக்கிறது. முன்னால் மார்பெலும்பு, பின்னால் முதுகெலும்பு, இரண்டுக்கும் நடுவில் அதை அழுத்தினால்தான் ரத்தம் மூளைக்குப் போகும்.

பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், 6 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விடணும், அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிறையும். விலா எலும்பு மளுக்கென்று முறிந்த சத்தம் கேட்டால் கை வைத்த இடம் சரியா என்று பார்த்துக்கொண்டு தொடர்ந்து செய். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். எவ்வளவு தெம்பானவராக இருந்தாலும் அதற்குமேல் அழுத்தம் குறைந்துவிடும்.

இன்னொன்று, பாப்பா. இதயம் நின்ற ஆள் ஏங்கி ஏங்கி வாயைத் திறந்து இழுப்பார். சுற்றி நிற்கிறவர்கள் “மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு” என்பார்கள். அது மூச்சே இல்லை. அசைவில்லாமல் கிடக்கிற ஆள் அப்படி இழுத்தால் உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். எங்கள் வண்டி வந்து சேர்வதற்குள் நேரம் வீணாகப் போவது பெரும்பாலும் இந்த ஒரு ஏமாற்றத்தால்தான். ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடம் போனாலே மூளை செல்கள் சாகத் தொடங்கும்.

நாடியையும் இப்படியே படி. ரேடியல் என்று புத்தகத்தில் வந்தால், கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வை. கட்டைவிரலால் பார்க்காதே, அதில் உன் நாடியே துடிக்கும். கரோட்டிட் என்றால் குரல்வளையிலிருந்து பக்கவாட்டில் விரலை நழுவ விடு, தசைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது. கைக்குழந்தைக்குக் கழுத்து குட்டையாக, சதையாக இருக்கும், அதனால் மேல்கையின் உட்பக்கம் பார்க்கிறோம், அது பிரேக்கியல். கழுத்தில் நாடி கிடைக்கிறது, மணிக்கட்டில் கிடைக்கவில்லை என்றால் அந்த ஆளுக்கு ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்.

அப்படி விழுவதற்கு வெளியே ரத்தம் தெரிய வேண்டும் என்றில்லை. ஃபீமர், தொடையெலும்பு, நம் உடம்பிலேயே நீளமானது. உளுந்தூர்பேட்டை பைபாஸில் பைக்கில் அடிபட்டவர்களிடம் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். பேண்ட்டில் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது, தொடை மட்டும் பருத்து இறுகிப் போயிருக்கும். ஒரு தொடையெலும்பு முறிந்தால் உள்ளுக்குள்ளேயே ஒன்று, ஒன்றரை லிட்டர் ரத்தம் கசியலாம். பெரியவர் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். காலை அசையாமல் கட்டுவது வலிக்காக மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதே, முறிந்த முனை ஆடினால் கசிவும் கூடும்.

முதுகெலும்பில் கழுத்துக்கு 7, மார்புக்கு 12, இடுப்புக்கு 5 என்று மனப்பாடம் செய்திருப்பாய். கழுத்து எலும்பில் மூன்று, நாலு, ஐந்து என்கிற எண்களை அடிக்கோடு போட்டுக்கொள். அங்கிருந்து வருகிற நரம்புதான் உதரவிதானத்தை, அதாவது மூச்சை இழுக்கிற தசையை, அசைக்கிறது. அதற்கு மேலே தண்டுவடம் அறுந்தால் மூச்சே நின்றுபோகும். நம் ஜனங்கள் நல்ல மனசோடுதான் ஓடி வருகிறார்கள். ஆனால் தோளில் ஒருத்தர், காலில் ஒருத்தர் தூக்கி, ஆளை மடக்கி ஆட்டோவில் திணித்துவிடுகிறார்கள். நீ அங்கே இருந்தால் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள். வண்டி தீப்பிடிப்பது மாதிரி ஆபத்து இல்லாவிட்டால், படுக்க வைக்கிற பலகையும் கழுத்துக் காலரும் வரும்வரை யாரையும் தூக்க விடாதே. உதவி செய்தவர்மேல் வழக்கு வரும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் அதற்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் யாராவது தண்ணீர் பாட்டிலோடு வருவார். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுகூட விட அனுமதிக்காதே. விழுங்கும்போது எபிகிளாட்டிஸ் என்கிற குரல்வளை மூடி மூச்சுக்குழாயை மூடிக்கொள்கிறது, தவறிப் போனாலும் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். நினைவு போனால் அந்தக் காவலும் போய்விடும். ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுப்பதும், வாயில் ஸ்பூன் வைப்பதும் வேண்டாம். தலைக்கு அடியில் துணி வை. வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிதான்.

தீக்காயம் உனக்கே தெரியும். 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், பேஸ்ட்டும் இங்க்கும் மாவும் கிட்டவே வரக் கூடாது.

பாம்புக்கடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் பக்கம் வயலும் கரும்புமாக இருப்பதால். கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் உதவாது, கெடுதல்தான் செய்யும். கடிபட்ட கையில் காலில் இருக்கிற மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்று, வீங்கினால் அதுவே இறுக்கும். அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்திருக்கிறவரைக் கடிக்கும். பல்தடம் தெரியாது, வலியும் அவ்வளவாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். நீ கண்ணிமையைப் பார். இரண்டு இமையும் தொங்கினால், நரம்பும் தசையும் சேர்கிற இடத்தில் விஷம் வேலை செய்கிறது. அடுத்து விழுங்க முடியாது, அப்புறம் உதரவிதானம். கண்ணாடி விரியன் வேறு மாதிரி, ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். தசை, நரம்பு, ரத்தம் என்று மூன்று பாடமாக வரும்போது இந்த இரண்டு பாம்பையும் பக்கத்தில் எழுதி வை.

நோயாளி பேசுவதைக் கேட்கும்போது அவர் கை எங்கே போகிறது என்றும் பார். “வாயுதாம்மா” என்று சொல்லிக்கொண்டே நடு நெஞ்சில் முழு உள்ளங்கையை வைப்பவரை, சட்டை நனைய வியர்ப்பவரை, தாடையும் இடது கையும் வலிக்கிறது என்பவரை சோடா குடிக்க விட்டு உட்கார வைத்துவிடாதே. முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில சமயம் வலியே இருக்காது, வெறும் களைப்பும் வியர்வையும்தான்.

206 எலும்பையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதே. லேபில் எலும்பைத் தொட்டுப் பார்க்கிற நேரத்தை மட்டும் தவற விடாதே. படத்தில் பார்த்தால் வலது எது, இடது எது என்று குழம்பும், கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் ஒரே நாளில் பிடிபடும். கைக்குழந்தைக்கு நெஞ்சை அழுத்துவதை டம்மியில் செய்யும்போது ஆழம் 4 செ.மீ.தான், கை பதறாமல் பழகிக்கொள்.

பொங்கல் லீவுக்கு வரும்போது அனாட்டமி நோட்டையும் எடுத்து வா. கழுத்துக்குக் காலர் போடுவது, தொடைக்கு ஸ்ப்ளிண்ட் கட்டுவது இரண்டையும் தம்பியைப் படுக்க வைத்துக் காட்டுகிறேன், அவன் சரி என்று சொல்லியிருக்கிறான். அம்மா பணம் அனுப்பியிருக்கிறாள், வந்ததா என்று பார். பஸ் ஏறியதும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா