ஐயாவின் உறையில் ஒட்டிய சீட்டு

கானாடுகாத்தான்

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே ஐப்பசி மழையில் இரண்டாங்கட்டு ஓடு ஒழுகத் தொடங்கிவிட்டது. பங்காளிகள் கூடிச் செலவைப் பிரித்துக்கொண்டோம். பழைய கணக்கைத் தேடி இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, அரசு நம் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்பதில் தவறில்லை என்று நீ எழுதியதற்கு நான் எழுத வேண்டிய பதிலும் அதற்குள்ளேயே இருந்தது.

1940-இல் பினாங்கிலிருந்து ஐயா ஆயாவுக்குப் போட்ட கடிதம் அது. உறையின் ஓரத்தை வெட்டித் திறந்து, தணிக்கை அதிகாரி பார்த்ததாக ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டை மேலே ஒட்டியிருக்கிறார்கள். போர்க்காலம் அல்லவா? அந்தக் கட்டில் இருந்த எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். முந்தைய கடிதங்களில் கடையை நடத்திய மேலாளோடு வந்த மனத்தாங்கல், சம்பளம் பற்றாத கவலை, பிள்ளை முகம் மறந்துபோகுமோ என்ற ஏக்கம் எல்லாம் இருக்கின்றன. சீட்டு ஒட்டி வந்ததற்குப் பிறகு நலம், நலமறிய ஆவல், அரிசி விலை, அனுப்பிய பணம். அவ்வளவுதான். கடையில் பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதிய மனிதர் அரசுக்கு எதிராக என்ன செய்திருப்பார்? அவர் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மனைவியிடம் மனம் திறப்பதை நிறுத்திவிட்டார்.

‘தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்’ என்று நீ கேட்டதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

நீ சொல்வதன் மறுபாதியை நான் தள்ளவில்லை. 2008 நவம்பரில் மும்பையில் பயங்கரவாதத் தாக்குதலில் 166 பேர் மாண்டபோது உன் மகன் அந்த ஊரில் வேலை பார்த்தான்; அன்றிரவு முழுவதும் நீ அவனுக்குத் தொலைபேசியில் முயன்றுகொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. கொலைகாரர்களுக்கு எல்லைக்கு அப்பாலிருந்து வந்த கட்டளைகளை நம்மவர்கள் ஒட்டுக்கேட்டார்கள். அந்தப் பேச்சு பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமானது. அது செய்ய வேண்டிய வேலை. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் தூணையும் கதவு நிலையையும் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள் என்று தெருமுனையில் கேமரா வைத்தபோது நானும்தான் பணம் கொடுத்தேன்.

என் மனம் ஒப்பாதது வேறு. ஒட்டுக்கேட்கலாம் என்று உத்தரவிடுவது யார், அதைச் சரிபார்ப்பது யார்? 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தை வைத்து நெடுங்காலம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம்தான் உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும், இரண்டு மாதக் கெடு, நீட்டித்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. மறுபரிசீலனைக் குழு ஒன்றும் வந்தது. அந்தக் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலாளர்களே. ஒரு நீதிபதி கூட இல்லை. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தும் இந்த ஏற்பாடு மாறவில்லை. கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்தால் நம் கடைகளில் ஒப்புக்கொண்டிருப்பார்களா?

அந்தரங்கம் நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு என்றும் எழுதியிருக்கிறாய். சொக்கு, நீ பிறந்த வீட்டை நினைத்துப் பார். திண்ணை யாருக்கும் உண்டு. கணக்குப் பேச வந்தவர் முன்கூடமான பட்டாலை வரை வரலாம். உள்முற்றமான வளவு உறவுக்காரர்களுக்கு. ஆனால் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி அறை, தனிச் சாவி. உடன்பிறந்த அண்ணன் கூடக் கேட்காமல் உள்ளே போனதில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை, அதில் கைவைக்கச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அளவு மீறக் கூடாது என்று சொன்னபோது எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தொழிலதிபரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கப் பிறப்பித்த பழைய உத்தரவை ரத்து செய்ததே, கவனித்தாயா? பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இல்லாமல், குற்றத்தைத் துப்பறிவதற்காக மட்டும் ஒட்டுக்கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்றார்கள். அந்த உத்தரவு 2011-இல் போட்டது. நீதி கிடைக்கப் பதினான்கு ஆண்டுகள். அதுவும் அவருக்கு விஷயம் தெரிய வந்ததால்தான் வழக்குப் போட முடிந்தது. தெரியாமலே இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

நான் கேட்பது இரண்டுதான். உத்தரவில் ஒரு நீதிபதியின் கையெழுத்து. அவசரமென்றால் பிறகாவது வாங்கட்டும். விசாரணை முடிந்து, ஆபத்தும் நீங்கிய பிறகு, ‘உன் பேச்சைக் கேட்டோம்’ என்று அந்த மனிதருக்கு ஓர் அறிவிப்பு. ஜெர்மனியில் சட்டமே அப்படிச் சொல்கிறது. நம் சட்டத்தில் அதற்கு இடமில்லை. போர் நடத்திக்கொண்டிருந்த வெள்ளைக்காரன் கூட ஐயாவின் உறையில் ஒரு சீட்டு ஒட்டித்தான் அனுப்பினான்.

அந்த உறையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தை மாதம் வரும்போது கண்ணாடியை மறக்காமல் கொண்டு வா. எழுத்து மிகவும் பொடி. ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணாமலை