இன்சுலினோடு அதன் கணக்கையும் தமிழில் சொல்லிக்கொடுங்கள்

பாலக்காடு மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், சித்தூர் தாலுகாவில் டைப் ஒன் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எழுதித்தரும் மருத்துவர்கள், செவிலியர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தையல் வேலை பார்க்கிற பெண் நான். பள்ளிக்கூட வயதிலிருந்தே எனக்கு டைப் ஒன். சமீபத்தில் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை தமிழில் நடத்திய ஐந்து நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தேன். அதுபோல ஒரு வகுப்பு நம் தாலுகாவிலேயே, தமிழில், இலவசமாக, பெரியவர்களுக்கும் சேர்த்து நடக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் 'சுகர்' என்று ஒரே பெயர்தான். அறுபது வயதில் மாத்திரை போடுகிற பெரியப்பாவுக்கும் பத்து வயதில் ஊசி போட ஆரம்பித்த பிள்ளைக்கும் ஒரே புத்திமதி. பாகற்காய் சாறு குடி, சோற்றை நிறுத்து, கஷாயம் சாப்பிட்டால் ஊசியே வேண்டாம். டைப் ஒன் வந்த உடம்பில் இன்சுலின் கிட்டத்தட்ட சுரப்பதே இல்லை. ஊசியை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி, சில நாட்களுக்குள்ளேயே, சில சமயம் அதற்கும் முன்பே, உயிருக்கு ஆபத்தாகிவிடும். இது உங்களுக்குத் தெரியும். வீட்டில் சமைப்பவருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும், பள்ளி ஆசிரியருக்கும் தெரிய வேண்டாமா?

கோவை வகுப்பில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்தோம். ஒரு செவிலியர், ஓர் உணவியல் நிபுணர். காலையில் எல்லோரும் அவரவர் சுகரைப் பார்த்துப் பலகையில் எழுதுவோம். முந்தின நாள் என்ன சாப்பிட்டோம், எத்தனை யூனிட் போட்டோம், எவ்வளவு நடந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல, மற்றவர்கள் அந்த எண் ஏன் வந்தது என்று யோசிப்பார்கள். யாரையும் யாரும் திட்டவில்லை. ஆஸ்பத்திரியில் '280' என்று சொன்னதுமே "என்ன தின்றாய்?" என்ற கேள்வி வரும் என்று பயந்தே பழகிய எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அப்புறம் தராசு வந்தது. சோறு, இட்லி, புட்டு, மரவள்ளிக் கிழங்கு, நேந்திரம்பழம், களி எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தோம். சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. மரவள்ளியில் அதைவிடக் கூடுதல். கேழ்வரகுக் களிக்குச் சுகர் ஏறாது என்று எங்கள் பக்கம் சத்தியம் செய்வார்கள். கேழ்வரகு மாவு 100 கிராமில் 65 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்துதான், அரிசியைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவே. தட்டில் இருக்கிற மாவுச்சத்தைக் கூட்டி, அதற்கேற்ற இன்சுலினைப் போடுவதுதான் பாடத்தின் மையம். 10 கிராமுக்கு ஒரு யூனிட் என்று ஆரம்பித்து, அவரவர் உடம்புக்கு எது சரி என்று குறிப்பேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளச் சொல்லித்தந்தார்கள். காலைக்கு ஒரு கணக்கு, ராத்திரிக்கு வேறு கணக்கு கூட வரலாம். ஓணத்தன்று பாயசம் குடிக்கலாமா என்று கேட்டேன். குடிக்கலாம், எவ்வளவு என்று அளந்து, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் செவிலியர். இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

இதெல்லாம் ஏதோ புதுச் சோதனை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் மைக்கேல் பெர்கரும் அவருடன் இருந்தவர்களும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வளர்த்தெடுத்த முறை இது. அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோய் 'டாஃப்னே' என்ற பெயரில் 169 பேரை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c அளவு, வகுப்புக்குப் போனவர்களுக்கு ஆறு மாதம் கழித்து 8.4 சதவீதமாக இருந்தது, வகுப்புக்குக் காத்திருந்தவர்களுக்கு 9.4. கடுமையான லோ சுகர் அதிகமாகவில்லை, விரும்பியதைச் சாப்பிடும் சுதந்திரமும் கூடியது. அந்த நாட்டின் மருத்துவ வழிகாட்டி, டைப் ஒன் என்று தெரிந்த 6 முதல் 12 மாதத்துக்குள் இப்படியொரு வகுப்பைப் பெரியவர்களுக்குத் தரச் சொல்கிறது. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-ல் டைப் ஒன்னுக்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் கற்றுக்கொடுப்பதை அதுவும் சிகிச்சையின் பகுதியாகவே பார்க்கிறது.

எங்கள் எல்லைப் பகுதிக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உயிர் போகும்.

நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்குள் போடுகிற கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. இங்கே பலர் பாட்டிலை ஒரு பக்கம் வாங்குகிறோம், சிரிஞ்சை இன்னொரு பக்கம் வாங்குகிறோம். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போனவர் அங்கே ஒரு கடையில், வேலந்தாவளம் வழியாகக் கோவை போனவர் இன்னொரு கடையில். பேனா உடைந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரைக்கும் உறிஞ்சினால் உள்ளே போவது 25 யூனிட். ராத்திரி தூக்கத்திலேயே நினைவு தப்பிவிடும். மாறாக, 40 பாட்டிலில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சைப் போட்டு 10 வரைக்கும் எடுத்தால் 4 யூனிட்தான் கிடைக்கும், சுகர் ஏறிக்கொண்டே போகும். கோவை வகுப்பில் இதை இரண்டு சிரிஞ்சையும் கையில் கொடுத்துக் காட்டினார்கள். இந்த ஒரு பாடத்துக்காகவாவது வகுப்பு நடத்தலாம் என்பேன்.

வெயிலும் இருக்கிறது. பாலக்காட்டுக் கோடை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு இன்சுலினைக் காக்கலாம் என்று காட்டித்தர வேண்டும். ஃப்ரிட்ஜ் இருக்கிற வீட்டில் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்பதையும்.

காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஊசியையும் விட்டுவிடுகிற பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் இருக்கிறது. சாப்பிடாவிட்டாலும் அடிப்படை இன்சுலினை, அதாவது நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற இன்சுலினை, நிறுத்தக் கூடாது, அடிக்கடி சுகரும் கீட்டோனும் பார்க்க வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. லோ சுகர் வந்தால், அதாவது 70-க்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் கொடுத்தால் அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். எல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் வெளிநோயாளி வரிசையில் நின்று, மருத்துவர் முன்னால் உட்காரக் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் இவற்றை யாராலும் சொல்லி முடிக்க முடியாது. உங்களைக் குறை சொல்லவில்லை. நேரம் என்று தனியாக ஒதுக்கினால் ஒழிய இது நடக்காது என்கிறேன்.

ஏன் தமிழில் வேண்டும்? நாங்கள் மலையாளம் பேசுவோம், பஸ் போர்டு படிப்போம், கடையில் பேரம் பேசுவோம். ஆனால் வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை பக்கமெல்லாம் தமிழ் வழியில் படித்தவர்கள் ஏராளம். நடு ராத்திரி கை நடுங்கும்போது கழித்தல் கணக்குப் போடுவது அவரவர் மொழியில்தான். மாமியாரும் கணவரும் கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டிய பாடமும் இது. கோவை வகுப்பில் ஒருநாள் குடும்பத்தாரையும் வரச் சொன்னார்கள். என் மாமியார் அன்று சிரிஞ்சைப் பிடித்துப் பழகினார். இப்போது சோறு போடும் முன் அவரே தராசை எடுத்து வைக்கிறார்.

டைப் ஒன் உள்ள குழந்தைகளுக்காகக் கேரள அரசு 'மிட்டாயி' திட்டம் நடத்துகிறது. அது பெரிய காரியம், மனமார நன்றி சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் நாளை வேலைக்குப் போவார்கள், கல்யாணம் செய்வார்கள், கர்ப்பமாவார்கள். அப்போதும் இதே நோய்தான் கூட இருக்கும். எங்களைப் போன்ற பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பறை திறக்க வேண்டும்.

வேகமாக வேலை செய்வதையும் மெதுவாக வேலை செய்வதையும் ஒன்றாகக் கலந்து தரும் இன்சுலினை இரண்டு வேளை போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. அதனால் வகுப்பு தொடங்குமுன் யாருக்கு எந்த இன்சுலின் என்று மருத்துவர்கள் பார்த்து, தேவையானவர்களுக்குத் தனித்தனி இன்சுலினாக மாற்றித்தர வேண்டும். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் கூடவே வேண்டும். ஸ்ட்ரிப் இல்லாமல் இந்தப் பாடத்தைப் பின்பற்றவே முடியாது.

தொடர்ந்து ஐந்து நாள் விடுப்பு என்றால் தோட்ட வேலை, செங்கல் சூளை, தறி என்று தினக்கூலியில் இருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பிரிட்டனில் இதே வகுப்பை வாரம் ஒரு நாளாக ஐந்து வாரம் நடத்தும் முறையும் இருக்கிறது. இங்கேயும் அப்படி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட அறையில் நடத்தலாம். தமிழ் தெரிந்த செவிலியர் ஒருவரையும் உணவியல் நிபுணர் ஒருவரையும் பயிற்சிக்கு அனுப்பினால் போதும். யார் யாருக்கு டைப் ஒன் இருக்கிறது என்று வீடு வீடாகத் தெரிந்தவர்கள் ஆஷா பணியாளர்கள், அவர்கள் பட்டியல் தருவார்கள். தராசையும் குறிப்பேட்டு மாதிரியையும் நான் கொண்டுவருகிறேன். வகுப்பு முடித்த எங்களில் சிலர் முதல் நாளிலிருந்தே புதியவர்கள் பக்கத்தில் உட்காரத் தயாராக இருக்கிறோம். எந்த மாதம் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு டைப் ஒன் நோயாளி