பச்சை மையில் எழுதிய கையுறை

அன்புள்ள மாலதிக்கு,

நலம். பேத்திக்கு மொட்டை போட்ட படம் வந்து சேர்ந்தது. அப்படியே உன் அம்மா ஜாடை. இங்கே மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை, வேறு சேதி இல்லை.

அலமாரியைத் துடைக்கும்போது சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' நாவல் கையில் அகப்பட்டது. விடுதியில் நாம் மாற்றி மாற்றிப் படித்த அதே பிரதி. அன்று நமக்கு ஹோல்டன் என்றால், பள்ளியிலிருந்து விரட்டப்பட்டு நியூயார்க்கில் சுற்றிக்கொண்டு எல்லாரையும் போலி என்று திட்டும் பையன். அதனாலேயே பிடித்தது. இந்தத் தடவை அந்தத் திட்டெல்லாம் காதில் விழவே இல்லை, மாலு. அவன் தம்பி ஆலிதான் கண்ணில் நின்றான்.

1946 ஜூலையில் ரத்தப் புற்றுநோயில் ஆலி போகிறான், வயது 11. ஹோல்டனுக்கு 13. அன்று இரவு கார் கொட்டகைக் கண்ணாடிகளை வெறுங்கையால் குத்தி உடைக்கிறான். கையைக் காயப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தம்பியை அடக்கம் செய்தபோது அவன் அங்கே இல்லை. அந்த வரியை அன்று எப்படித் தாண்டிப் போனோம்?

அறைத்தோழனுக்காக ஒரு கட்டுரை எழுதுகிறானே, நினைவிருக்கிறதா? ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி. பந்து வராத நேரத்தில் படிக்கவென்று ஆலி அதில் பச்சை மையில் கவிதைகள் எழுதி வைத்திருந்தான். அதைப் படித்த அறைத்தோழனோ, அறையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ எழுதச் சொன்னால் இதையா எழுதுவாய் என்று எரிந்து விழுகிறான். ஹோல்டன் கிழித்துப் போட்டுவிடுகிறான். கடைசியில் ஐந்தாம் அவென்யூவில் ஒவ்வொரு தெருவைக் கடக்கும்போதும், தான் மறைந்துபோய்விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, இறந்த தம்பியிடம் கெஞ்சுகிறான். மறுபக்கம் சேர்ந்ததும் நன்றி சொல்கிறான். அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டாம் வருஷம் உன் தம்பி கண்ணனின் காரியம் முடிந்து நீ விடுதிக்குத் திரும்பினாய். நாங்கள் பரீட்சை, நோட்ஸ் என்றே பேசிக்கொண்டிருந்தோம். அவன் பெயரை எடுத்தால் அழுதுவிடுவாயோ என்று எனக்குப் பயம். அந்த வருஷம் நீ சண்டை போடாத ஆள் இல்லை. மாலதி மாறிவிட்டாள், கோபக்காரி ஆகிவிட்டாள் என்று நானும் ஒதுங்கினேன். அவன் எழுதிய கடிதங்களைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாய். இராத்திரி அதைத் திறக்கும் சத்தம் கேட்கும். கண்ணை மூடிப் படுத்திருப்பேன்.

இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன். கண்ணன் எதற்கெல்லாம் சிரிப்பான்? உன்னை எப்படிக் கூப்பிடுவான்? அடுத்த மாதம் வரும்போது அந்த டப்பா இருந்தால் எடுத்து வா. இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா.

உன்,
வசந்தா