எங்கள் ஊர்த் தண்ணீரும் உங்கள் இயந்திரங்களும்: வாஷிங் மெஷின் நிறுவனங்களின் வடிவமைப்பு, சேவைப் பிரிவுத் தலைவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் 17 ஆண்டுகளாக வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். பர்கூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டினம் எனவும், தருமபுரிப் பக்கம் காரிமங்கலம், பாலக்கோடு எனவும் வீடு வீடாகச் சென்று வேலை செய்பவன். நான் எந்த நிறுவனத்தின் முகவரும் அல்லன். எந்த நிறுவனத்தோடும் எனக்குப் பகையும் இல்லை. ஃப்ரண்ட் லோடு இயந்திரம் நல்ல இயந்திரம் என்றே நம்புகிறேன். குறைந்த தண்ணீரில், துணியை முறுக்காமல் துவைக்கும் அந்த இயந்திரம், தண்ணீருக்கு அல்லாடும் எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கும் மிகவும் ஏற்றது. அப்படிப்பட்ட இயந்திரம் ஐந்தாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் பழைய இரும்புக் கடைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது கிரானைட் பூமி. பாறைக்குள் பல நூறு அடி இறக்கிய ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுதி; இதைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தரநிர்ணய அமைவனம் வரையறுத்திருக்கிறது. எங்கள் பெண்கள் இதற்கு எந்த அளவுகோலும் வைத்துக்கொள்வதில்லை. பருப்பு வேகாத தண்ணீர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல் ஒருநாளும் தவறியதை நான் கண்டதில்லை. ஃபுளோரைடு பாதிப்பைத் தணிக்க ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தபின், குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர் கிடைத்தது. ஆனால் துணி துவைப்பதற்கு மொட்டை மாடித் தொட்டியில் நிற்பது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர்தான். இந்த இடத்தில் பலர் குழம்பிக்கொள்கிறார்கள்: ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், வாஷிங் மெஷினைக் கெடுப்பது கடினத்தன்மை. ஒகேனக்கல் குழாய் வந்துவிட்டது, இனி மெஷினுக்குக் கவலையில்லை என்று நினைப்பவர்களை இன்றும் சந்திக்கிறேன்.

இந்தத் தண்ணீர் இயந்திரத்துக்குள் போனால் என்ன ஆகிறது என்பது உங்கள் பொறியாளர்கள் அறிந்ததே. தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கால்சியம் கார்பனேட்டாக மாறி ஹீட்டர் கம்பியின்மேல் ஓடுபோலப் படிகிறது. அந்த ஓடு தடிக்கத் தடிக்க வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் கம்பிக்குள்ளேயே தங்கி, ஒருநாள் கம்பி வெந்து அறுந்துபோகிறது. இது கண்ணுக்குத் தெரியும் கேடு, ஹீட்டரை மாற்றிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத கேடு சோப்புத் தூளிலிருந்து தொடங்குகிறது. கடினத் தண்ணீரில் நுரை எழாது. நுரை வராவிட்டால் அழுக்குப் போகாது என்று கையால் துவைத்துப் பழகியவர்கள் நம்புகிறார்கள். ஆகவே ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று கரண்டி போடுகிறார்கள், அதுவும் வாளியில் ஊறவைப்பதற்கென்று விற்கும் தூளை. ஃப்ரண்ட் லோடு இயந்திரம் எடுத்துக்கொள்ளும் கொஞ்சத் தண்ணீரில் அவ்வளவு தூளும் கரைவதில்லை. கரையாத தூளும் சுண்ணாம்பும் துணி நூலும் சேர்ந்து சாம்பல் நிறக் களியாகி, துணி சுழலும் டிரம்முக்கும் அதைச் சூழ்ந்திருக்கும் வெளித் தொட்டிக்கும் இடையில், யாருடைய கையும் எட்டாத இடத்தில், அப்பிக்கொள்கிறது.

அந்தக் களி எதை அரிக்கிறது என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். சென்ற மழைக்காலத்தில் பாலக்கோட்டிலிருந்து ஓர் இயந்திரம் வந்தது. உலர்த்தும் சுற்றில் இடி இடிப்பது போன்ற சத்தம் என்றார்கள். பின்பக்கம் கழற்றி, தொட்டியைப் பிரித்து, டிரம்மைக் கவிழ்த்து வைத்தேன். துருப்பிடிக்காத எஃகால் ஆன டிரம் கடையில் வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே பளபளத்தது. அதன் முதுகில் மூன்று கரங்களோடு இருக்கும் அலுமினியத் தாங்கி, நாங்கள் ஸ்பைடர் என்று சொல்வது, ஈரச் சுண்ணாம்பு பூசியதைப் போல வெளுத்து, பொரிந்து போயிருந்தது. ஒரு கரத்தின் அடியில் ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து மெல்லத் தள்ளினேன். நமத்துப்போன பிஸ்கட்டைப் போல உதிர்ந்தது. இன்னொரு கரம் ஏற்கெனவே முறிந்து, முறிந்த முனை தொட்டியின் உட்சுவரில் வட்டமாகக் கோடு போட்டிருந்தது. நிமிடத்துக்கு 1,200 சுற்று சுழலும் ஒரு டிரம்மை அந்த இற்றுப்போன கரங்கள்தாம் அதுவரை பிடித்துக்கொண்டிருந்தன. காரத்தன்மை கொண்ட சோப்புக் களி எப்போதும் ஈரமாக ஒட்டியிருந்தால் அலுமினியத்தை அரிக்கும். அருகிலேயே எஃகு இருந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும். பள்ளி வேதியியலில் படித்தது இதுதானே.

நீங்கள் விளம்பரத்தில் மோட்டாருக்கு 10 ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறீர்கள். என் அனுபவத்தில் எங்கள் பகுதியில் மோட்டார் கெட்டு வரும் இயந்திரம் மிகக் குறைவு. வருபவை ஸ்பைடர் முறிந்தவை, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்து, டிரம்மின் அச்சைத் தாங்கும் பேரிங்கில் தண்ணீர் இறங்கியவை, ஹீட்டர் அறுந்தவை. இவற்றுக்குப் பொதுவான உத்தரவாதக் காலத்துக்குப் பிறகு எந்தப் பாதுகாப்பும் இல்லை. கெடாத உறுப்புக்குப் பத்து ஆண்டு உறுதி கொடுத்து, கெடும் உறுப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இருப்பது, அந்த அட்டையை நம்பிச் சீட்டுப் பணத்தில் இயந்திரம் வாங்கும் குடும்பத்துக்கு நியாயமாகத் தோன்றுமா என்று எண்ணிப் பாருங்கள்.

இதனினும் எனக்கு வருத்தம் தருவது, பிரிக்க முடியாதபடி ஒட்டவைத்த தொட்டி. முன்பெல்லாம் வெளித் தொட்டி இரண்டு பாதிகளாக, சுற்றிலும் திருகுகளோடு வரும். திருகைக் கழற்றினால் டிரம், ஸ்பைடர், பேரிங் எல்லாம் கைக்கு வந்துவிடும். இப்போது பல மாடல்களில் இரண்டு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறீர்கள். பேரிங் தேய்ந்துவிட்டது என்று ஓர் இயந்திரத்தின் சேவை மையத்துக்குப் போன பர்கூர்க்காரர் ஒருவருக்கு, தொட்டியையே மாற்ற வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரிங்கும் ஓர் ஆயில் சீலும் நல்ல தரத்தில் வாங்கினாலே 2,000 ரூபாய்க்குள் முடியும். ஒட்டின இடத்தைச் சுற்றி முதலில் துளைகளைப் போட்டுக்கொண்டு, ஆக்ஸா பிளேடால் அரை நாள் அறுத்து, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துப் புதியதைப் பதித்து, சிலிக்கான் பசை தடவி, போல்ட் நட்டால் இறுக்கி அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகளாகச் சொட்டுக் கசிவில்லாமல் ஓடுகிறது. ஆனால் அறுத்து ஒட்டுவது முறையான வேலை ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஒரு வரிசைத் திருகுகளை மிச்சப்படுத்தியதால் ஒரு முழு இயந்திரம் குப்பைக்குப் போகும் நிலையை நீங்கள் உண்டாக்கியிருக்கிறீர்கள். அடுத்து வடிவமைக்கும் மாடலிலாவது அந்தத் திருகுகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இந்த மடலில் நான் கேட்பனவற்றுள் இதுவே முதன்மையானது.

சேவைப் பிரிவுத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். காவேரிப்பட்டினத்தில் ஓர் ஆசிரியையின் வீட்டு இயந்திரம், துவைத்து முடித்ததும் தண்ணீரை வெளியேற்றாமல் அப்படியே நின்றுவிட்டது. வந்து பார்த்த நிறுவனப் பணியாளர் முன்பக்கத் திரையில் தெரிந்த பிழைக்குறியை மட்டும் பார்த்துவிட்டு, பிசிபி, அதாவது இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகை, போய்விட்டது, 8,000 ரூபாய் ஆகும் என்று கூறிச் சென்றிருக்கிறார். நான் போனபோது செய்தது இவ்வளவுதான்: மின் இணைப்பைத் துண்டித்தேன்; தண்ணீர் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்; கீழ்மூலையில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, சிறு குழாய் வழியாகத் தண்ணீரைத் தட்டில் இறக்கி, டிரெயின் பம்ப்பின் வடிகட்டியை இடப்பக்கம் திருகிக் கழற்றினேன். தலைமுடிச் சுருளும் ஓர் இரண்டு ரூபாய் நாணயமும் வந்தன. உள்ளே டார்ச் அடித்தபோது பம்ப்பின் விசிறி இதழுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு புளியங்கொட்டை இறுகிக் கிடந்தது. பல்லாங்குழி ஆடுவதற்காக மகள் சட்டைப் பையில் சேர்த்துவைத்திருந்தாளாம். விரலால் நெம்பி எடுத்ததும் விசிறி சுழன்றது. ஆறு ஆண்டுகளாக அந்த வீட்டில் இருக்கும் இயந்திரத்துக்கு அப்படி ஒரு வடிகட்டி உண்டு என்பதே அந்த அம்மாவுக்கு அன்றுதான் தெரியும். பொருத்த வந்தவர் காட்டவில்லை. ஒரு பாகத்தை மாற்றச் சொல்வதற்கு முன் அது கெட்டுவிட்டது என்று எப்படி உறுதி செய்தார் என்பதைப் பணியாளர் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி செய்யுங்கள். எழுத வேண்டும் என்று வந்துவிட்டால், வடிகட்டியைத் திறந்து பார்க்காமல் யாரும் பிசிபியின் பெயரை எடுக்க மாட்டார்கள்.

பொருத்தும் நாளில் செலவாகும் அரைமணி நேரமே அந்த இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. போக்குவரத்துக்காகப் பின்னால் பூட்டிய போல்ட்டுகளைக் கழற்ற மறந்து, அறை முழுதும் நடந்து திரிந்த இயந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். பல மாடல்கள் உள்ளே வரும் தண்ணீருக்கு குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும் என்கின்றன. அதற்குத் தொட்டி சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மேல்மாடியில் குடியிருப்பவருக்குத் தொட்டி தலைக்குமேல் ஐந்தடியில் இருக்கும். அந்த வீட்டில் இயந்திரம் தண்ணீர் வரவில்லை என்று நிற்பது பழுதே ஆகாது. போர்வெல் மணல் நுழைவுக் குழாயின் சின்ன வலையை அடைத்துக்கொண்டாலும் இதே குறிதான் வரும். குறடால் வலையை இழுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். பொருத்த வருபவர் கையில் கடினத்தன்மை பார்க்கும் தாள் பட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். நிறம் மாறுவதை வீட்டாருக்குக் காட்டி, அளவை உத்தரவாத அட்டையிலேயே எழுதட்டும்.

அளவு மிகுதியாக இருந்தால் என்ன செய்வது என்பதைத் தமிழில், எளிய சொற்களில், கையேட்டில் அச்சிடுங்கள். நான் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வருவதைக் கீழே எழுதுகிறேன்; உங்கள் பொறியாளர்கள் சரிபார்த்துத் திருத்தினால் மகிழ்வேன். ஃப்ரண்ட் லோடுக்கென்று உள்ள தூளையோ திரவத்தையோ அட்டையில் சொன்ன அளவுக்குமேல் போட வேண்டாம். எப்போதும் குளிர்ந்த தண்ணீரிலேயே துவைத்தால் களி சேர்ந்து நாற்றமெடுக்கும். எப்போதும் வெந்நீரிலேயே துவைத்தால் சுண்ணாம்பு படியும். ஆகவே மாதம் ஒருமுறை துணியில்லாமல் வெந்நீர்ச் சுற்று ஓட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, வெறும் டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓட்டலாம். அன்றைக்கு பிளீச்சிங் பவுடரையோ வெளுப்பானையோ கிட்டவே கொண்டுவரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சுவாயு எழும். கதவு ரப்பரின் மடிப்பை ஒவ்வொரு முறையும் துடைத்து, கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். வசதியுள்ளவர்கள், சமையல் உப்பால் புதுப்பித்துக்கொள்ளும் ரெசின் வகை மென்னீராக்கியைப் பொருத்திக்கொள்வது நல்லது. குழாயில் மாட்டும் மலிவான பாஸ்பேட் உருண்டைகள் சூடான தண்ணீரில் வலுவிழந்துவிடும்.

இறுதியாக உதிரிபாகம். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது; அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளில் வீட்டு உபயோகப் பொருள்களும் ஒன்று. ஆனால் ஊத்தங்கரையில் இருப்பவருக்கு உங்கள் அசல் ஆயில் சீல் ஒன்று தனியாகக் கிடைக்க இன்றும் வழியில்லை. பேரிங்கின் எண்ணை வைத்து வெளியில் வாங்கிவிடுகிறேன். சீலும் ஸ்பைடரும் மாடலுக்கு மாடல் வேறு. அவற்றைத் தனி உறுப்புகளாக விலையிட்டு, எங்களைப் போன்ற வெளிப் பழுதுபார்ப்பவர்களுக்கும் விற்க ஏற்பாடு செய்யுங்கள். பிழைக்குறிகளின் பொருளையும் சோதிக்கும் முறையையும் தமிழில் வெளியிடுங்கள்.

பாலக்கோட்டு இயந்திரத்தின் ஸ்பைடரை நான் எறியவில்லை. முறிந்த கரத்தையும் உதிர்ந்த தூளையும் ஒரு டப்பாவில் போட்டு, எந்தத் தண்ணீர், எத்தனை ஆண்டு, என்ன சோப்புத் தூள் என்று எழுதி வைத்திருக்கிறேன். அதைப் போல இன்னும் ஏழு இருக்கின்றன. உங்கள் வடிவமைப்புப் பிரிவிலிருந்து யார் வந்தாலும் எடுத்துச் சென்று சோதித்துப் பார்க்கலாம். ஞாயிறு தவிர மற்ற நாள்களில் காலை ஒன்பது மணி முதல் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன்,
ராயக்கோட்டை சாலை, கிருஷ்ணகிரி.