கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கூட வேலை பார்க்கும் பையன் வாங்கும் வீட்டுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் வாக்குவாதமாகிவிடும், அதனால்தான் கடிதம்.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் வாழ்ந்த பண்ணை வீடான மாண்டிசெல்லோவுக்கு என்னைக் கூட்டிப் போனாயே, நினைவிருக்கிறதா? காலமெல்லாம் கமிஷன் மண்டியில் உட்கார்ந்தவன் நான். வீட்டின் அழகைவிட, அந்த ஜெஃபர்சன் மாவு விற்றுக் கடன் கட்டப் பார்த்த கதைதான் மனதில் நின்றது. ஊருக்கு வந்த பிறகும் தேடிப் படித்தேன்.

கடனில் ஒரு பெரிய பங்கு அவருடைய மாமனார் வழியில் வந்தது. 1773-ல் அந்த மாமனார் இறந்தபோது நிலத்தோடு, பிரிஸ்டல் வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் வந்து சேர்ந்தது. அதை அடைக்க ஜெஃபர்சன் நிலத்தை விற்றார். விற்ற பணம் கைக்கு வருவதற்குள், சுதந்திரப் போரில் காகிதப் பணம் மதிப்பிழந்துவிட்டது.

1790-களில் மாண்டிசெல்லோவில் புகையிலையை விட்டுக் கோதுமைக்கு மாறினார். அப்புறம் ஷாட்வெல்லில் பெரிய மாவு மில்லும் கட்டினார். மாவை மரப்பீப்பாயில் அடைப்பார்கள். ஒரு பீப்பாய்க்கு 196 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 89 கிலோ. ரிவானா ஆற்றில் படகேற்றி, ஜேம்ஸ் ஆறு வழியாக ரிச்மண்டுக்கு அனுப்புவார்கள். அங்கே 'கிப்சன் அண்ட் ஜெஃபர்சன்' என்ற கமிஷன் வியாபாரிகள் அதை விற்று இவர் பேரில் வரவு வைப்பார்கள். இவரோ, யார் யாருக்குப் பணம் தர வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் அந்தக் கடை பேரில் உண்டியல், அதாவது 'இவருக்கு இன்ன தேதியில் இவ்வளவு பணம் கொடு' என்கிற சீட்டு, எழுதிக் கொடுத்துவிடுவார். கவனி கண்ணு, மாவு இன்னும் படகில்தான் இருக்கும், அதன் பணம் அதற்குள் பற்றில் ஏறியிருக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் சரக்கு நகராது, உண்டியல் தவணையோ நிற்காது. நம் மண்டியில் முன்பணம் வாங்கிய எத்தனை விவசாயிகள் இதே கணக்கில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். 1813-ல் பிரிட்டிஷ் கப்பல்கள் செசபீக் விரிகுடாவை அடைத்ததும் ஏற்றுமதி முடங்கி மாவு விலை படுத்துவிட்டது.

1815-ல் தன் புத்தகங்களை நாடாளுமன்றத்துக்கு 23,950 டாலருக்கு விற்றார். அதிலும் பெரும்பகுதி கடனுக்கே போயிற்று.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் 1818-ல் 20,000 டாலருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கேட்டவர் வில்சன் கேரி நிக்கலஸ். முன்னாள் கவர்னர், பேரனுக்கு மாமனார். சம்பந்தி வீட்டு மனிதரிடம் எப்படி மாட்டேன் என்பது? மறுவருடமே நாடு முழுக்கப் பண நெருக்கடி. நிக்கலஸ் நொடித்துப்போனார், மாவு விலையும் விழுந்தது. வட்டி மட்டும் வருடத்துக்கு 1,200 டாலர். பீப்பாய் 4 டாலர் என்று வைத்துக்கொண்டால், வேறொருவர் கடனின் வட்டிக்கே 300 பீப்பாய் மாவு!

1826-ல் அவர் கண்ணை மூடியபோது கடன் 1,07,000 டாலருக்கு மேல். அடுத்த ஜனவரியில் அந்த வீட்டின் அடிமைகள் 130 பேரை ஏலத்துக்கு விட்டார்கள். கோதுமை விதைத்து அறுத்து, மாவாக்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாகப் போனார்கள். எனக்கு அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. கடன் பத்திரத்தில் அவர்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லையே.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையன் நல்லவனா என்று நான் கேட்கவில்லை, நல்லவனாகத்தான் இருப்பான். அவன் வேலை போனால் முழுத் தவணையையும் உன் சம்பளத்திலிருந்து கட்ட முடியுமா? நாளைக்கு நீ வீடு வாங்கப் போனால் பாங்க் இந்தக் கடனையும் உன் தலையில் வைத்துத்தான் பார்க்கும். மாப்பிள்ளையிடம் பேசினாயா? உதவ வேண்டும் என்று மனம் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்குக் கையில் கொடு. ஜாமீன் மட்டும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேலும் யோசனை இருந்தால், கையெழுத்துக்கு முன் பத்திரத்தின் நகலை எனக்கு அனுப்பு. வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா