அந்த இரவில் எங்கள் கதவைத் தட்டியவர்களுக்கு

எண்ணூர் பெரியகுப்பத்திலிருந்து எழுதுகிறேன். பல நாளாக மனதில் கிடந்த நன்றி இது.

2023 டிசம்பர் 26. சுனாமியில் போனவர்களை நினைத்து அன்று காலையில்தான் கடலில் பால் ஊற்றிப் பூ விட்டு வந்திருந்தோம். மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கறை படகுகளை விட்டு அப்போதும் போகவில்லை. அந்த ராத்திரி 12 மணி நெருங்கும் நேரத்தில் பக்கத்து உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலில்தான் எனக்கு விழிப்பே வந்தது. ஆஸ்துமாக்காரியான அம்மா மூச்சை இழுக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தெருப் பையன்களே, முதல் நன்றி உங்களுக்கு. நீங்களும் இருமிக்கொண்டுதான் வீடு வீடாகக் கதவைத் தட்டினீர்கள்.

அப்புறம், மணலி ஆலைகளில் பல வருடம் ஒப்பந்த வேலை பார்த்த எங்கள் தெருப் பெரியவர். சுனாமி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: கடலுக்கு முதுகைக் காட்டி ஓடு. அன்றும் அப்படித்தான் ஓடப் பார்த்தோம். அவர்தான் மறித்து, "காத்து போற பக்கமே ஓடாதீங்க, குறுக்கால போங்க, துணியை நனைச்சு மூக்குல கட்டுங்க" என்று கத்தினார். அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும், அதனால் ஈரத்துணி கொஞ்சமாவது தடுக்கும் என்பதைப் பிறகுதான் விளக்கிச் சொன்னார். ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஆலையைச் சுற்றியுள்ள மக்களுக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறதாம். எங்கள் தெருவில் அதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். இப்போது கோயில் வாசலில் கம்பில் ஒரு துண்டைக் கட்டிவைத்து, காற்றுத் திசை பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார். ஐயா, உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன்.

வாடகை கேட்காமல் ஏற்றிப்போன ஆட்டோ, லோடு வண்டி அண்ணன்மார், 108 ஊழியர்கள், விடியும்வரை உட்காராத நர்ஸ் அக்காக்கள், காவலர்கள், மண்டபத்தைத் திறந்துவிட்டு டீ போட்டுக் கொடுத்த பக்கத்து ஊர்க்காரர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எண்ணூர் சென்னை மாவட்டம். ஆற்றைத் தாண்டினால் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி எல்லாம் திருவள்ளூர் மாவட்டம். 1077க்கு அடித்தால் அவரவர் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். சரி, அது அப்படியே இருக்கட்டும். கசிவு வந்தால் என்ன செய்வது என்ற ஒத்திகையை மட்டுமாவது இரண்டு மாவட்டமும், ஆலைகளும், குப்பங்களும் ஒரே நாளில் சேர்ந்து நடத்தினால் அடுத்த முறை யார் எந்தப் பக்கம் போவது என்று ராத்திரியில் தேட வேண்டியிருக்காது.

கடைசியாக, மண்டபத்தில் அம்மாவின் முகத்தை ஈரப் புடவையால் துடைத்துவிட்ட அக்காவுக்கு. பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. மீஞ்சூர் பக்கம் என்று யாரோ சொன்னார்கள். பச்சைக் கரை போட்ட அந்தப் புடவையை அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறார். நீங்கள் வந்தால் ஒரு வேளை எங்களோடு சாப்பிட்டுவிட்டுத்தான் வாங்கிப்போக வேண்டும்.