பிக் டென் பெரியவங்களுக்கு: சீசனை தள்ளி வெச்சீங்க சரி, கணக்கை ஏன் பூட்டி வெச்சீங்க?

கொலம்பஸ், ஒஹாயோ
2020 செப்டம்பர் 3

கோவிட்டால அமெரிக்கன் ஃபுட்பால் சீசனை தள்ளி வெச்ச காலேஜ் லீக் பிக் டென்னோட கமிஷனர் கெவின் வாரன் சாருக்கும், அதுல இருக்கற 14 யுனிவர்சிட்டி பிரசிடெண்டுகளுக்கும் வணக்கம்.

தமிழ்ல எழுதினா இவங்க எங்கேர்ந்து படிக்கப் போறாங்கன்னு வீட்ல கேக்கறாங்க. இங்கிலீஷ்ல எழுதினவங்களுக்கு மட்டும் என்ன பதில் வந்துடுச்சு? ஆடற பசங்களோட அப்பா அம்மாக்களே ஆகஸ்ட் 21ஆம் தேதி ரோஸ்மான்ட்ல உங்க ஹெட் ஆபீஸ் வாசல்ல போய் நின்னு பாத்துட்டாங்க. அதனால மனசுல இருக்கறதை என் பாஷையிலயே கொட்டிடறேன்.

நான் எம்.எஸ். படிக்க இந்த ஊருக்கு வந்தப்ப ஃபுட்பால்னா காலால உதைக்கறதுன்னு நெனச்சுட்டு வந்தவன். முதல் சனிக்கிழமையே ரூம்மேட் இழுத்துட்டுப் போய் ஹார்ஸ்ஷூ ஸ்டேடியத்துல உக்கார வெச்சான், சுத்தி ஒரு லட்சம் பேரு, எல்லாம் சிவப்பு, ரூல் ஒரு மண்ணும் புரியல, ஆனா பேண்டு வாசிக்கறவங்க நடந்து நடந்தே மைதானத்துல 'ஒஹாயோ'ன்னு எழுதி, கடைசியா அந்த 'ஐ' எழுத்துக்குப் புள்ளியா ஒருத்தர் போய் நின்னப்ப தேர் நிலைக்கு வந்த மாதிரி ஒரு சத்தம் எழும்பிச்சு பாருங்க, அன்னிக்கு மாட்டினவன்தான். எங்க பரம எதிரி மிச்சிகனோட மேட்ச் வாரத்துல கேம்பஸ் முழுக்க 'எம்' எழுத்து மேல சிவப்பு பெருக்கல் குறி போடற ஊர் இது, அந்த டேப்பை நானும் ஒட்டிருக்கேன். இப்படிப்பட்டவன் சொல்றேன், ஆகஸ்ட் 11ஆம் தேதி நீங்க சீசனை தள்ளி வெச்சதுக்கு எனக்குக் கோவமே இல்ல.

எப்படி கோவம் வரும்? என்.பி.ஏ.காரங்க ஆர்லாண்டோல எல்லாரையும் ஒரே இடத்துல அடைச்சு வெச்சு ஆடறாங்க. ஐ.பி.எல்.லை துபாய் பக்கம் கொண்டுபோயும் நம்ம சி.எஸ்.கே. கேம்ப்ல போன வாரம் 13 பேருக்கு பாசிட்டிவ், அதுல ரெண்டு பேரு பிளேயர். அவங்கள்லாம் சம்பளம் வாங்கற ப்ரோ ஆளுங்க, ஹோட்டல்ல உக்காருன்னா உக்காருவாங்க. நம்ம பசங்க ஸ்டூடண்டு, சம்பளம் கிடையாது, டார்ம்ல தூங்கி கிளாஸுக்குப் போய் வர்றவங்க. கிளாஸே பாதி ஆன்லைன்ல ஓடுது, மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில பசங்களை கேம்பஸுக்கு வரவேண்டாம்னே சொல்லிட்டாங்க, அப்படி இருக்கறப்ப முன் வரிசைல நின்னு மோதற லைன்மேன் மட்டும் போய் இன்னொருத்தன் மூஞ்சி மேல மூச்சு விட்டுட்டு ஆடணும்னா அதை எப்படி நியாயப்படுத்தறது.

இதய சமாச்சாரம் வேற. கோவிட் வந்து போனவங்களுக்கு மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசையில அழற்சி வரலாம்னு டாக்டர்கள் பயப்படறாங்க, பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் டீமோட பிட்சர் எட்வார்டோ ரொட்ரிகெஸுக்கு அதனால இந்த வருஷமே போச்சு. ஜூலைல வந்த ஜெர்மன் ஆராய்ச்சில கோவிட்லேர்ந்து தேறின 100 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததுல 78 பேருக்கு இதயத்துல ஏதோ மாற்றம் தெரிஞ்சிருக்கு. ஆனா அவங்களோட சராசரி வயசு 49. இருபது வயசு ஸ்போர்ட்ஸ் பையனுக்கு இது எவ்வளவு பொருந்தும்? உங்க மெடிக்கல் கமிட்டி என்ன பேப்பரைப் படிச்சுது, என்ன சொல்லிச்சு? இங்கதான் சார் நான் உங்ககிட்ட சண்டைக்கு வர்றேன்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி 10 மேட்ச் அட்டவணை போட்டீங்க, நாங்களும் காலண்டர்ல குறிச்சுக்கிட்டோம். 8ஆம் தேதி ஃபுல் பேடு, அதாவது முழு கவசம் போட்டு பிராக்டிஸ் வேண்டாம்னீங்க. 11ஆம் தேதி சீசனே இல்லன்னீங்க. ஆறு நாள். அந்த ஆறு நாள்ல என்ன மாறிச்சு? அதுக்கப்புறம் ஓட்டெடுப்பு நடந்துச்சான்னே தனக்குத் தெளிவா தெரியலன்னு பென் ஸ்டேட் யுனிவர்சிட்டி அத்லெடிக் டைரக்டர் சொல்றாங்க, 19ஆம் தேதி நீங்க லெட்டர் போட்டு பெரும்பான்மையா ஓட்டு விழுந்துச்சு இனி மறுபரிசீலனை கிடையாதுன்னு கதவை சாத்தறீங்க, கடைசியில நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி டீம் பசங்க எட்டு பேரு கோர்ட்டுக்குப் போனதுக்கு அப்புறம்தான் தள்ளி வெக்க 11 ஓட்டு, எதிர்த்து 3ன்னு கணக்கு வெளிய வருது. ஒரு ஓட்டு எண்ணிக்கை சார் இது, இதை வாங்க பசங்க வக்கீல் வெக்கணுமா?

எதிர் பக்கம் பாருங்க. மிச்சிகன் கோச் ஜிம் ஹார்பா ஆகஸ்ட் 10ஆம் தேதியே கணக்கோட பேசினாரு, 893 டெஸ்ட் எடுத்தோம், 11 பாசிட்டிவ், கடைசி 353ல ஒண்ணுகூட இல்லன்னு. (கொலம்பஸ்ல உக்காந்துக்கிட்டு மிச்சிகன் கோச்சை நான் சப்போர்ட் பண்ணிப் பேசறேன்னா நிலைமை எங்க போயிருக்குன்னு பாத்துக்கங்க.) அவர் முடிவு சரின்னு நான் சொல்லல, ஒரு டீமோட டெஸ்டை வெச்சு பதினாலு ஊரை எடை போட முடியாது. ஆனா அவர் கணக்கை மேஜைல வெச்சாரு. எங்க ஒஹாயோ ஸ்டேட் பிளேயர் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் ஆட விடுங்கன்னு பெட்டிஷன் போட்டப்ப லட்சக்கணக்குல கையெழுத்து விழுந்துச்சே, அதுல முக்காவாசி பேரு ஆட்டவெறி பிடிச்சவங்கன்னே வெச்சுக்கங்க, மீதி பேரு கேட்டது காரணம் மட்டும்தான்.

வாரன் சார், உங்க பையன் மிசிசிப்பி ஸ்டேட்ல ஆடறதை வெச்சு உங்களை கிண்டல் பண்ற கூட்டத்துல நான் இல்ல. அந்த டீம் இருக்கற எஸ்.இ.சி. லீக் இந்த மாசம் 26ல ஆரம்பிக்குது, அதுல ஆடறதா வேணாமான்னு உங்க வீட்ல உக்காந்து பேசிருப்பீங்க இல்ல, டாக்டர் என்ன சொன்னாரு, ரிஸ்க் எவ்வளவுன்னு. அந்தப் பேச்சைத்தான் மத்த வீட்டுக்காரங்களும் பேசணும்னு நெனைக்கறாங்க, பேசறதுக்கு அவங்க கையில ஒரு பேப்பர் இல்ல.

முந்தாநாள் அதிபர் ட்ரம்ப் உங்களுக்கு போன் போட்டுட்டு, ஒரு யார்டு தூரம்தான் பாக்கி, அதாவது ஆட்டம் திரும்ப வர்றதுக்குக் கொஞ்சம்தான் மிச்சம்னு ட்வீட் போட்டாரு. தேர்தல் வருஷம், ஒஹாயோ, மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் எல்லாம் உங்க ஏரியா, அவர் ஏன் போன் போடறாருன்னு சின்னப் பிள்ளைக்குக் கூட தெரியும். நீங்க முடிவை மாத்தினாலும் மாத்துவீங்க. தினமும் சீக்கிரமா ரிசல்ட் தர்ற டெஸ்ட் கிடைச்சுது, பாசிட்டிவ் வந்தவனுக்கு இதயத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துட்டுத்தான் திரும்ப இறக்குவோம்னு சொல்லி மாத்தினீங்கன்னா நான் கைதட்டுவேன். போன் வந்துச்சுன்னு மாத்தி, திரும்ப வாயை மூடிக்கிட்டீங்கன்னா ஆகஸ்ட்ல சொன்ன இதயக் கதை எல்லாம் சும்மாவான்னு பசங்க கேப்பாங்க, அப்ப என்ன சொல்லுவீங்க?

கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. மெடிக்கல் கமிட்டி உங்களுக்குக் குடுத்த ரிப்போர்ட்டை வெளிய போடுங்க. ஊர்ல பாசிட்டிவ் எவ்வளவு சதவீதம் குறைஞ்சா ஆடலாம், எவ்வளவு ஏறினா நிறுத்துவீங்கன்னு நம்பரோட சொல்லுங்க. ஆடி முடிச்ச பையனுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு நெஞ்சுல ஏதாவது வந்தா ஆஸ்பத்திரி பில் யாரு கட்டறதுங்கறதையும் அதே பேப்பர்ல எழுதிடுங்க, ஸ்காலர்ஷிப்போட அதுவும் முடிஞ்சுடுதான்னு எங்க தெருவுல ஒரு அம்மா போன வாரம் கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல.

அக்டோபரோ ஜனவரியோ, எப்ப ஆடினாலும் எங்களை ஸ்டேடியத்துக்குள்ள விடப் போறதில்ல, டிவி முன்னாடிதான். சிவப்பு டேப் வாங்கியாச்சு, டிராயர்ல கெடக்கு.

இப்படிக்கு,
பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன்